காலேஜ் சேட்டிலைட் டீம்ல சேரலாமா, நிஜமாவே ஸ்டூடண்ட்ஸ்தான் செய்றாங்களா?

கேள்வியப் பாத்தா நீங்க செகண்ட் இயர் ஈசிஇ, வீட்ல "மார்க் என்னாகும்"னு கேக்குறாங்கன்னு தோணுது. சேருங்க. எல்லாம் இஸ்ரோவே செஞ்சு குடுத்துரும்னு சொல்றவங்க பேச்ச விடுங்க. ராக்கெட் அவங்களோடதுதான், டெஸ்டிங்லயும் கைகொடுப்பாங்க, ஆனா 2010 ஜூலைல பிஎஸ்எல்வி சி15ல போன ஸ்டட்சாட் பெங்களூர், ஹைதராபாத்னு ஏழு காலேஜ் பசங்க சேர்ந்து பண்ணது, எடை ஒரு கிலோ கூட இல்ல.

எங்களோடது மேல போகவே இல்ல. "போகாத சேட்டிலைட்டுக்கு இவ்ளோ பில்டப்பா"ன்னு யாராச்சும் கமெண்ட் போடுவீங்க, போடுங்க, சால்டரிங்ல விரல் சுட்டுக்கிட்டது நான்தான்.

எனக்கு கிரவுண்ட் ஸ்டேஷன் வேலை, அதாவது தரைலேர்ந்து சேட்டிலைட் சிக்னலப் பிடிக்கிறது. ஆண்டெனாவ சேட்டிலைட் பக்கமா திருப்புற மோட்டார், ரொட்டேட்டர், அத வாங்க காசில்ல, அதனால பிவிசி பைப்புல அலுமினியக் கம்பி சொருகி, பழைய மொட்டமாடி டிவி ஆண்டெனா மாதிரி யாகி ஆண்டெனா செஞ்சேன், கையாலயே திருப்பணும். கேட்டுப் பழக எடுத்துக்கிட்டது டோக்கியோ யுனிவர்சிட்டி பசங்க செஞ்ச எக்ஸ்ஐ-ஃபோர் சேட்டிலைட். பத்து சென்டிமீட்டர் டப்பா, ஒரு கிலோ, 2003ல ரஷ்யாவுலேர்ந்து போனது, பத்து வருஷம் கழிச்சும் 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மோர்ஸ், அந்தத் தந்தி பீப் கோட், அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

பிரச்சனை என்னன்னா அது சூரியனோட ஒத்துப்போற ஆர்பிட், தினமும் ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான் நம்ம பக்கம் வரும், எங்களுக்கு விடியக்காலையும் பொழுது சாயுறப்பவும். லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடிருவாங்க. பாய்ஸுக்கு பத்து மணி! ஹெச்ஓடி கையெழுத்து வாங்கிட்டுப் போய் நின்னா வார்டன் மேடம் "சேட்டிலைட்ட கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுமா"ங்கறாங்க, ஜோக்கில்ல, சீரியஸா. மெஸ்ல புழு கெடந்தப்ப இந்தக் கண்டிப்பு எங்க போச்சுன்னு தெரியல.

கடைசில சிக்னல் கெடச்ச அன்னிக்கு சீனியர் அண்ணா ஃபோன் போட்டு ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்துல வச்சாரு. நான் ஹாஸ்டல் மொட்டமாடில, ஈரத்துணிங்களுக்கு நடுவுல. மொதல்ல வெறும் இரைச்சல், அப்புறம் பீப் பீப்னு ஒண்ணு, டாப்ளர்னால, ஆம்புலன்ஸ் நம்மளத் தாண்டிப் போறப்ப சத்தம் மாறுற மாதிரி, சுதி இறங்கிக்கிட்டே போகுது, அவரு டயலத் திருப்பத் திருப்ப மறுபடி ஏறுது, பத்து நிமிஷத்துல தேஞ்சு போச்சு.

அடுத்த வாரம் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல டீம் போட்டோ ஒட்டுனாங்க, என் ஆண்டெனா நடுவுல நிக்குது. நான் இல்ல, போட்டோ எடுத்தது ஏழு மணிக்கு.