பூட் கையேடு சரிபார்ப்போர் கேட்டவை

கேள்வி: பாடசாலைக் கணினிக் கழகத்துக்கான லினக்ஸ் பூட் (கணினி தொடங்கும் முறை) கையேட்டைச் சரிபார்க்கிறேன். "பயாஸ் முதல் செக்டரை வாசிக்கும்" என்று இருக்கிறது. பிழையா? – சுன்னாகம்

பதில்: பாதி சரி. கணினியை எழுப்பும் மதர்போர்ட் மென்பொருளில் பழையது பயாஸ், புதியது யூஇஎஃப்ஐ. பழைய பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் செக்டரின் (சிறு துண்டு) 512 பைட்டும் நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் ஏறும். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்து லப்டொப்புகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ. அது டிஸ்க்கில் ஃபாட் வகையில் பிரித்த பகுதி (பகிர்வு) ஒன்றுக்குள் கிடக்கும் இஎஃப்ஐ கோப்பை எடுத்து ஓட்டும். பயாஸா யூஇஎஃப்ஐயா என்று கையேட்டின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓடுகிற லினக்ஸில் /சிஸ்/ஃபேர்ம்வெயர்/இஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பயாஸ்.

கேள்வி: முதல் செக்டரின் 512 பைட்டில் பூட் குறியீட்டுக்கு 510 பைட் என்று எழுதியிருக்கிறார்கள். விடலாமா? – கொக்குவில்

பதில்: விடக்கூடாது. குறியீட்டுக்கு 446, பகிர்வு அட்டவணைக்கு 64, கடைசி 2 பைட் இது பூட் செக்டர் என்று காட்டும் 55 ஏஏ அடையாளம். கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: கையேட்டில் சொன்னபடி செய்தேன், திரை கறுப்பாகிவிட்டது. என்ன செய்ய? – மானிப்பாய்

பதில்: எந்தக் கையேடு, தம்பி? எந்த லினக்ஸ், எத்தனையாவது படி, பயாஸா யூஇஎஃப்ஐயா? ஒன்றுமே எழுதவில்லை. எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் என்ற பூட் நிரலின் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியிலுள்ள, செய்திகளை மறைக்கும் 'குவயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் அந்த மாற்றம். செய்திகள் ஓடும்; ஓட்டம் நிற்கிற இடத்துக் கடைசி வரிகளைப் படம் பிடித்து அனுப்புங்கள். பிறகு கதைப்போம்.

கேள்வி: மெனு நிற்கும் நேரத்தை 10 செக்கனாக்க, கிரப்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து திருத்தச் சொல்கிறது எங்கள் கையேடு. செய்து பார்த்தேன், வேலை செய்தது. ஒப்புதல் கொடுக்கலாமா? – நெல்லியடி

பதில்: கொடுக்காதீர்கள். இதை எத்தனை தரம் எழுதியும் கேட்பாரில்லை. திருத்த வேண்டாம் என்று அந்தக் கோப்பின் தலையிலேயே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி இறங்கிப்போய்த் திருத்துகிறார்கள்! இன்றைக்கு வேலை செய்யும்தான். உபுண்டுவிலோ டெபியனிலோ புதிய கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்ததும் அந்தக் கோப்பு திரும்ப உருவாகும், உங்கள் 10 செக்கன் போய்விடும். அது போனால் போகட்டும். விண்டோஸுக்கான வரிகளை அங்கே கையால் சேர்த்தவரின் கதி என்ன? ஒருநாள் மெனுவில் விண்டோஸைக் காணோம். வைரஸ் என்று லப்டொப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அங்கே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்கள். இறுதியாண்டு அறிக்கை இப்படிப் போன பிள்ளை ஒன்று என் முன்னால் இருந்து அழுதது.

/ஈடிசி/டிஃபோல்ட்/கிரப் கோப்பில் கிரப்_டைம்அவுட் மதிப்பை மாற்றி, ரூட் (நிர்வாகி) உரிமையோடு அப்டேட்-கிரப் ஓட்டுவதுதான் வழி. ஃபெடோராவில் அதற்குப் பதில் கிரப்2-எம்கேகொன்ஃபிக். சரிபார்ப்பவர் ஒருக்கா ரீபூட் பண்ணிவிட்டு 'ஓகே' போடும்போதுதான் எனக்குக் கொதி வருகிறது. கேர்னலை அப்டேட் பண்ணி, மறுபடி ரீபூட் பண்ணி, அப்போதும் மாற்றம் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: "கேர்னல் இனிட்ராம்எஃப்எஸ்ஸை டிஸ்க்கிலிருந்து ஏற்றும்" – இந்த வசனம் சரியா? – சாவகச்சேரி

பதில்: இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் என்பது தொடக்கத்துக்கு வேண்டிய டிரைவர்கள் உள்ள சிறு கோப்புத் தொகுப்பு. கேர்னல், அது இரண்டையும் நினைவகத்தில் கொண்டுவந்து வைப்பது கிரப். கேர்னல் அதை விரிக்கும்; அதற்குள் இருக்கும் டிரைவர்களைக் கொண்டு லினக்ஸ் கோப்புகள் கிடக்கும் உண்மையான ரூட் பகிர்வு மவுண்ட் ஆகும், அதாவது இணையும். டிஸ்க்கை வாசிக்க டிரைவர் வேண்டும், டிரைவரோ டிஸ்க்கிலேயே இருக்கிறது. இந்தச் சிக்கலைச் சொல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் திகதி பழைய வருஷத்துக்குப் போகிறது. இதையும் கையேட்டில் சேர்க்கவா? – பருத்தித்துறை

பதில்: வேண்டாம். மதர்போர்டில் கடிகாரத்துக்கென உள்ள சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரேயொரு லப்டொப். படிகளை எப்படிச் சோதிப்பது? – திருநெல்வேலி

பதில்: வேர்ச்சுவல்பொக்ஸில், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளில். முதலில் ஸ்நாப்ஷொட் (திரும்பிப் போகக்கூடிய நிலைப் பதிவு) எடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், பயாஸா யூஇஎஃப்ஐயா என்று பாருங்கள்: அமைப்பில் இஎஃப்ஐ பெட்டியில் சரி போடாமல் விட்டால், பயாஸில் சோதித்துவிட்டு யூஇஎஃப்ஐ கையேட்டுக்கு ஒப்பம் வைத்தவர் ஆவீர்கள். பென் டிரைவில் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) எழுதும் டிடி கொமாண்டில் 'எஸ்டிஏ' என்று இருந்தால் உடனே வெட்டுங்கள். கன லப்டொப்புகளில் அது உள்ளே இருக்கிற டிஸ்க்கின் பெயர்.