வேலையால் நிற்பாட்டினால் ஈ.ஐ. இல்லையா?

தம்பி, பிந்திப் போனதற்காக வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள், 'தவறான நடத்தை' என்று ஈ.ஐ.யும் (கனடாவில் வேலை இழந்தவர்களுக்குக் கொடுக்கும் காப்புறுதிக் காசு) மறுத்துவிட்டார்கள், இனி மேன்முறையீடு செய்வதா, இல்லை கல்கரிப் பக்கம் போய்விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்கரியைப் பிறகு பார்ப்போம். கடிதம் கிடைத்து எத்தனை நாள்? 30 நாளுக்குள் ஈ.ஐ.யைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவிடம் மீள்பரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம். அதற்கும் 30 நாள்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், காசில்லை.

இரண்டு கிழமைக்கொருமுறை ஈ.ஐ.க்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 'மறுத்துவிட்டார்களே, இனி எதற்கு' என்று விட்டுவிட்டுப் பிறகு அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது, மனேஜர் கூடாதவன் என்று அங்கே போய்ச் சொல்லிப் பிரயோசனமில்லை. உங்களை நிற்பாட்டியது நியாயமா என்பது அவர்களுடைய கேள்வியே அல்ல. இப்படிச் செய்தால் வேலை போகலாம் என்று தெரிந்தும் வேண்டுமென்றே செய்தீர்களா, அதைத்தான் பார்ப்பார்கள். நிரூபிப்பது ஈ.ஐ. தரப்பின் பொறுப்பு. வேலை சரியாக வரவில்லை என்பது தவறான நடத்தை ஆகாது. ஆனால் எழுத்தில் எச்சரிக்கை தந்திருந்தால் மறைக்காதீர்கள். ஏன் பிந்தியது என்பதற்கு அத்தாட்சித் துண்டு தேடுங்கள்.

நான் 1998இல் வந்தவன். அடுத்த ஜனவரியில் ரொறன்ரோவில் கொட்டிய பனிக்கு மேயர் இராணுவத்தையே கூப்பிட்டார். இரவு வேலை, பஸ் வரவில்லை, நடந்து போனேன். வாசலிலேயே சுப்பர்வைசர் வேலையால் நிற்பாட்டித் திருப்பி அனுப்பிவிட்டான், பிந்தியது அது மூன்றாவது முறையாம். எனக்கும் ஈ.ஐ. இல்லையென்றார்கள். 'அரசாங்கத்தோடு கொழுவாதே, அகதி வழக்குப் பழுதாகும்' என்று அறையில் இருந்த எல்லோரும் புத்தி சொன்னார்கள். நம்முடைய ஆட்கள் இப்படித்தான், ஊரில் காணி வேலிக்குப் பத்து வருடம் கோடேறுவார்கள், இங்கே ஒரு படிவத்துக்குப் பயம். ஈ.ஐ. மேன்முறையீட்டுக்கும் அகதி வழக்குக்கும் சம்பந்தமே இல்லை.

அப்போது தீர்ப்பாயம் இல்லை, அது 2013இல் வந்தது. மேன்முறையீட்டைக் கேட்டது மூன்று பேர் கொண்ட குழு, அதில் ஒருவர் முதலாளிகள் பக்கம், ஒருவர் தொழிலாளர் பக்கம். முதல் இரண்டு முறையும் பிந்திய நாட்களின் பஸ் ட்ரான்ஸ்பர் துண்டுகளை மேசையில் பரப்பினேன். மூன்றாவது நாளுக்குத் துண்டு எங்கே என்றார் தொழிலாளர் பக்கத்து ஆள்.

"பஸ்ஸே வரவில்லையே சேர்" என்றேன். சிரித்துவிட்டார். ஆறு கிழமைக்குப் பிறகு காசு வந்தது, முழுவதும் வாடகைக்கே போனது.