ஏற்காடு அலுவலகம்: நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றும் முன் கேபிளை மாற்றுங்கள்

வணக்கம் சார். ஏற்காட்டில் உங்கள் அலுவலகத்தின் இரண்டு கட்டடங்களையும் வெளியே தொங்கும் 120 மீட்டர் கேட்6 என்னும் செம்பு நெட்வொர்க் கேபிள் இணைக்கிறது, கோடை இடிமழை வந்தாலே அது செருகியிருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் போர்ட்டுகள் போய்விடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். புது ஸ்விட்ச் வாங்கினாலும் இதே கதிதான். செம்புக் கம்பி மின்னலின் பாய்ச்சலை நேராக உள்ளே கொண்டுவரும். தவிர, ஈதர்நெட் என்னும் இந்தக் கம்பிவழி நெட்வொர்க்குக்குச் செம்பில் 100 மீட்டர்தான் வரம்பு.

அந்த வழியில் சிங்கிள் மோட் ஃபைபர், அதாவது ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள். இரும்புக் கவசமோ தாங்கு கம்பியோ இல்லாத, உலோகமே கலக்காத வகை என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள், சார். இதை விட்டுவிட்டால் செலவழித்தும் பயனில்லை. இரு முனையிலும் எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்யூலைச் செருகும் இடம்) உள்ள ஸ்விட்ச் போதும்.

கட்டடத்துக்குள் இருக்கும் கேட்5இ வயரிங்கைப் பிடுங்க வேண்டாம், நொடிக்கு 1 கிகாபிட் வேகத்துக்கு அது தாராளம். அப்புறம் எர்த்திங். பாறை நிலத்தில் அது சுலபமாக அமையாது. மண் காய்ந்திருக்கும்போது எர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள்.