ஐரோப்பாவில் நெல் பயிரிடும் கிராமம் உண்டா? அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

உண்டு. வடக்கு மாசிடோனியாவின் கிழக்கே, பிரெகால்னிட்சா ஆற்றையொட்டி அமைந்த செஷினோவோ என்ற சிறு கிராமத்தில், என்னுடன் பணிபுரிந்த நண்பரின் பெற்றோர் வீட்டில், ஒரு மே மாதத்தில் மூன்று வாரங்களும் அதே ஆண்டின் அறுவடைக் காலத்தில் சில நாட்களும் தங்கியிருந்தேன். ஆகவே கண்டதையும் அங்குள்ளோரிடம் கேட்டறிந்ததையும் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

கோச்சானி என்ற சிறுநகரைச் சூழ்ந்துள்ள சமவெளியில்தான் அந்நாட்டின் நெல்லில் பெரும்பங்கு விளைகிறது. நாடு முழுவதற்குமே நெற்பரப்பு ஏறத்தாழ 4,000 முதல் 5,000 ஹெக்டேர்தான். துருக்கிய ஆட்சிக் காலத்திலிருந்தே இங்கே நெல் உண்டு. அரிசியை அவர்கள் 'ஓரிஸ்' என்கிறார்கள். இச்சொல்லின் மூலமான கிரேக்கச் சொல் நம் 'அரிசி'யிலிருந்து சென்றதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதால் அதை நான் வலியுறுத்தவில்லை. ஆனால் உமி நீக்காத நெல்லுக்கு அந்த உழவர்கள் வழங்கும் சொல் 'ஆர்பா'. துருக்கியில் அது பார்லியைக் குறிக்கும். வீட்டில் பேச்செல்லாம் ஆர்பாவைப் பற்றியதாகவே இருந்தது.

வடக்கே ஏறத்தாழ 42 பாகையில் உள்ள ஊர் என்பதால் ஆண்டுக்கு ஒரே போகம். ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை, நீர் கட்டி நிறுத்திய வயல்களில் விதையை நேரடியாகவே தூவி விடுகிறார்கள். நாற்று நடுவதை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு அது புதிதாக இருந்தது. அவர்களுடைய உண்மையான கவலை நீரின் அளவைவிட நீரின் குளிர்ச்சியைப் பற்றியது. மலையிலிருந்தும் அணையிலிருந்தும் வரும் நீர் தலைமடை வயலில் நேராக விழுவதால் அங்கே பயிர் பின்தங்கிவிடுகிறது என்றும், வெயிலில் சூடேறிய நீரைப் பெறும் அடுத்தடுத்த வயல்கள் முந்திக்கொள்கின்றன என்றும் நண்பரின் தந்தை விளக்கினார். ஊர் வழக்கப்படி நானும் அவரைச் 'சிச்கோ' என்றே அழைத்தேன். பெரியவர்களை அன்பாக அழைக்கும் சொல் அது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத கதைகளையே கேட்டு வளர்ந்த எனக்கு, தலைமடைக்காரர் வருந்துவதைக் கேட்பது வியப்பாகவே இருந்தது.

பிரெகால்னிட்சா 225 கிலோமீட்டர் ஓடி வர்தார் ஆற்றில் கலக்கிறது. 1969-இல் அதன் மேற்பகுதியில் காலிமான்ட்சி அணை கட்டப்பட்ட பிறகே இச்சமவெளிக்குக் கோடையிலும் நம்பிக்கையான பாசனம் கிடைத்தது. அந்த ஆற்றுநீருக்கு ஒரு துயரமான பக்கமும் இருக்கிறது. 2003-இல் மலையிலுள்ள ஈய, துத்தநாகச் சுரங்கம் ஒன்றின் கழிவுத் தேக்கம் உடைந்து, அதன் சேறு காலிமான்ட்சி அணையின் ஏரியில் வந்து சேர்ந்தது. சமவெளியின் வயல் மண்ணை ஆராய்ந்தவர்கள், குறிப்பாக வேறொரு சுரங்கப் பகுதியிலிருந்து வரும் ஸ்லெதோவ்ஸ்கா ஆற்றை ஒட்டிய மேற்குப்புற வயல்களில், ஈயமும் காட்மியமும் துத்தநாகமும் மிகுதியாக இருப்பதைக் கண்டறிந்தனர். உழவரின் கையில் இல்லாத ஒன்று அவருடைய விளைச்சலின் மீது ஐயத்தை ஏற்றிவிடுகிறது என்பதுதான் இதில் எனக்கு ஆறவே இல்லை.

நீர் தேங்கிய வயல் என்றால் ஒரு காலத்தில் மலேரியாவும் உடன் வந்தது. இந்நாடு அன்று அடங்கியிருந்த யூகோஸ்லாவியா மலேரியா ஒழிந்த நாடாக 1973-இல்தான் அறிவிக்கப்பட்டது. இன்று அதே நீர் அழைத்து வருபவை செங்கால் நாரைகள். தவளைக்கும் பூச்சிக்கும் குறைவில்லாத வயல்கள் அருகிலேயே இருப்பதால், மின்கம்பங்களிலும் கூரைகளிலும் அவை பெரிய பெரிய கூடுகளைக் கட்டியிருக்கின்றன. மார்ச் முதல் நாளில் அணியும் 'மார்டிங்கா' என்ற சிவப்பு வெள்ளை நூலை, முதல் நாரையையோ தைலான் குருவியையோ கண்டவுடன் கழற்றிப் பூத்த மரக்கிளையில் கட்டும் வழக்கம் அந்நாடெங்கும் உள்ளது. எங்கள் வீட்டு வாசலிலிருந்த பிளம் மரத்தில், நான் மே மாதத்தில் சென்றபோதும் அத்தகைய நூல்கள் சாயம் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

உணவைப் பற்றிக் கேட்பீர்கள். சோறாக உண்பது குறைவு. குடைமிளகாய்க்குள் அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைப்பதும், பாலில் அரிசியைக் குழையவிட்டு மேலே இலவங்கப்பட்டைப் பொடி தூவிய 'சுட்லியாஷ்' என்ற இனிப்பும்தான் அடிக்கடி வந்தன.

செப்டம்பர் இறுதியில் மீண்டும் சென்றபோது ஊரின் மனநிலையே வேறாக இருந்தது. கதிர் அறுக்கும் இயந்திரங்கள் வயலில் ஓடிக்கொண்டிருக்க, ஆலைக்காரர்கள் ஆர்பாவுக்கு என்ன விலை சொல்வார்கள் என்ற ஒரே கேள்விதான் காப்பிக் கடை முழுவதும் இருந்தது. சேமித்து வைக்க இடமில்லாத சிறு உழவர், ஈரம் காய்வதற்குள் சொன்ன விலைக்கே கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. அந்த ஊரின் இளைஞர்கள் நிலத்தைவிட்டுப் போவதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வோரை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் இந்த விலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். செஷினோவோ அடங்கிய நகராட்சியில் 2002-இல் சுமார் 7,500 பேர் இருந்தனர்; 2021 கணக்கெடுப்பில் அது சுமார் 5,500 ஆகக் குறைந்துவிட்டது. என் நண்பரும் அப்படி வெளியேறியவர்தான்.

சிச்கோவுக்கு அப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டது. மே மாதத்தில் தண்ணீர் முறை இரவு இரண்டு மணிக்கு வந்தால், விளக்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரே வாய்க்காலுக்குப் போவார். உடன் வருகிறேன் என்று நான் எழுந்தபோதெல்லாம் ரப்பர் காலணியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மடை திறக்கும் வரை எனக்காக வரப்பில் காத்திருந்தார்.