இருட்டில் வேலை, வெளிச்சத்தில் ஓய்வு

கண்ணையும் தசையையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, உடலியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரின் பதில்கள்.

வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால் வெகு நேரம் ஒன்றுமே தெரிவதில்லை. அங்கிருந்து வெளியே வந்தால் மட்டும் சட்டென்று பழகிவிடுகிறது. கண்மணி சுருங்கி விரிவதுதான் காரணம் என்கிறார்கள். சரியா?

கால் பங்கு சரி என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல வெளிச்சத்தில் கண்மணியின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர், கும்மிருட்டில் அதிகம் போனால் 8. பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 16 மடங்குதான் வரும். கண்ணின் உணர்திறனோ இருட்டில் லட்சம் மடங்குக்கு மேல் கூடுகிறது. அந்த வித்தியாசத்துக்குக் கண்மணி எப்படிப் பொறுப்பாக முடியும்? மீதிக் கணக்கு விழித்திரையில் இருக்கிறது.

அங்கே மங்கலான ஒளிக்கென்று குச்சி செல்கள் சுமார் 12 கோடி. நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். வகுப்பில் இந்த இடம் வந்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: குச்சி செல் சுறுசுறுப்பாக இருப்பது வெளிச்சத்திலா, இருட்டிலா? 'வெளிச்சத்தில்' என்று மொத்த வகுப்பும் சொல்லும். இல்லை, இருட்டில்! இருட்டு முழுக்க அதன் சவ்விலுள்ள வாசல்கள் திறந்தே கிடக்கும், சோடியம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், மறுமுனையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் திறந்துவிட்ட குழாய்போல ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒளி வந்து பட்டால் வாசல் மூடும், ஒழுக்கு குறையும். அந்தக் குறைவைத்தான் அடுத்த நரம்பு செல் 'வெளிச்சம்' என்று எடுத்துக்கொள்கிறது. கூம்புக்கும் இதே கதைதான்.

வாசலை மூடவைப்பது ரோடாப்சின் என்ற நிறமி. அதன் நடுவில், வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினால் மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒளி பட்டதும் அது நிமிர்ந்துவிடும். இதற்கு ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. பார்வையின் முதல் நிகழ்வே இந்த நிமிர்வுதான். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வருவது ஏன் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

நிமிர்வது சுலபம், திரும்ப வளைவதுதான் பெரும்பாடு. நிமிர்ந்த ரெட்டினால் குச்சி செல்லைவிட்டு வெளியேறி, விழித்திரைக்குப் பின்னாலுள்ள நிறமிப் படலத்துக்குப் போய், அங்கே ஒரு நொதியால் பழைய வளைவைப் பெற்றுத் திரும்ப வேண்டும். வெயிலில் நின்றவருக்கு ரோடாப்சினில் பெரும்பகுதி இப்படி வெளுத்துப்போயிருக்கும். கூம்புகள் பத்து நிமிடத்துக்குள் தேறிவிடும். குச்சிகள் முழுமையாகத் தேற அரை மணி நேரம்கூட ஆகலாம். வெளிச்சத்துக்கு வரும்போது இந்தக் காத்திருப்பு இல்லை. கூம்புகள் உடனே பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றன.

தேறிய குச்சிகளின் திறமை அசாத்தியமானது. 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் சோதித்தபோது, விழித்திரை ஐந்து முதல் பதினான்கு ஒளித்துகள்களை உறிஞ்சினாலே மனிதர் ஒளியை உணர்ந்துவிடுகிறார் என்று தெரிந்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காமல் வரைபடம் பார்க்க வேண்டியவர்கள் ஆழ்ந்த சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவார்கள். அந்தச் சிவப்பைக் குச்சிகள் ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை.

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் காணாமல் போகிறது, ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிகிறதே?

நேராகப் பார்க்கும்போது பிம்பம் விழித்திரையின் நடுக்குழியில் விழுகிறது. அதன் மையத்தில் கூம்புகள் மட்டும்தான், குச்சியே கிடையாது. சற்றுத் தள்ளிப் பார்த்தால் குச்சிகள் நிறைந்த இடத்தில் விழும். அவ்வளவுதான்.

கண்ணை அசைக்காமல் ஒரு புள்ளியையே பார்த்தால் சுற்றியுள்ளவை மங்கி மறைகின்றன. இது குறைபாடா?

இல்லை, எல்லோருக்கும் நடப்பது. டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் 1804-லேயே எழுதிவைத்துவிட்டார். மாறாத செய்தியைப் பார்வை மண்டலம் ஒதுக்கிவிடும். அப்படியானால் அசையாத சுவர் எப்படித் தொடர்ந்து தெரிகிறது என்றால், சுவர் அசையாவிட்டாலும் கண் அசைகிறது. நீங்கள் எவ்வளவு பிடிவாதமாக ஒரே இடத்தைப் பார்த்தாலும் அது நுண்ணிதாக நடுங்கிக்கொண்டும் துள்ளிக்கொண்டும் இருக்கும். பிம்பம் கண்ணோடு சேர்ந்தே நகரும்படி கருவி வைத்து 1950-களில் சோதித்தார்கள். சில வினாடிகளில் காட்சியே மறைந்தது.

ஒவ்வொரு கண்ணையும் சுழற்றுபவை ஆறு தசைகள். கைகால்களில் இருக்கும் அதே எலும்புத்தசை இனம்தான், ஆனால் வேலைப்பாடு வேறு. கெண்டைக்காலில் ஒரே நரம்பு செல் ஆயிரத்துக்கு மேற்பட்ட நார்களை இழுக்கும். இங்கே ஒரு செல்லுக்குச் சுமார் பத்து நார்கள். இவ்வளவு நுணுக்கமாகத் திருப்ப முடிவது அதனால்தான்.

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். பாயும் அந்தக் கணத்துக் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. கைபேசியின் முன்பக்கக் கேமராவில் செய்தால் நகர்வு தெரியலாம். படம் திரைக்கு வரச் சற்றுத் தாமதமாகிறதே, அதற்குள் உங்கள் கண் போய்ச் சேர்ந்துவிடும்!

தசை சுருங்கத்தானே சக்தி வேண்டும்? தளர, சும்மா விட்டால் போதாதா?

போதாது. நரம்பின் கட்டளை வந்ததும் நாருக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. அது ஆக்டின் என்ற புரத இழைமேல் உள்ள தடையை விலக்க, மயோசின் என்ற இன்னொரு புரத இழையின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. இழைகள் நீளம் குறையாமல் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால்தான் தசை குறுகுகிறது என்பது 1954-இல் தெளிவானது. அதைச் சொன்ன இரு குழுக்களிலும் ஒரு ஹக்ஸ்லி உண்டு. இருவரும் உறவினர் அல்லர், விடைத்தாளில் மட்டும் வருடா வருடம் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பற்றிய தலை பிடியை விட வேண்டுமானால் செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு புதிதாக ஒன்று வந்து அதில் ஒட்டியாக வேண்டும். கால்சியத்தைத் திரும்பக் கிடங்குக்குள் ஏற்றவும் ஏடிபி செலவாகும். இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைப்பது இதனால்தான். ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடி விடவில்லை. புரதங்கள் சிதையத் தொடங்கிய பிறகே விறைப்பு விலகும்.

கீழ் இமை சில நாட்களாகத் துடிக்கிறது. நரம்பு வியாதியோ என்று பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் இல்லை. இமையைச் சுற்றியுள்ள மெல்லிய தசையின் சில நார்கள் தாமாகச் சுருங்குகின்றன. தூக்கமின்மை, மன அழுத்தம், அதிகக் காபி எல்லாம் இதைத் தூண்டும். முதலில் நன்றாகத் தூங்குங்கள். சில வாரங்களாகியும் நிற்கவில்லை என்றாலோ, கன்னத்துக்கும் வாய்க்கும் பரவினாலோ, கண் தானாக இறுக மூடிக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.