ஊசி தொடங்குமுன் எதை வாசிப்பது?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 34 வயது. திருமணமாகி ஆறு வருடம். விந்தணுவை நேரே கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. இரண்டு தடவை செய்தும் சரிவரவில்லை. இன்னும் மூன்று மாதத்தில் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) தொடங்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். டொக்டரைப் பார்க்கப் பதிந்து, அதாவது சனல் பண்ணி, மூன்று மணித்தியாலம் காத்திருந்தால் பேசக் கிடைப்பது பத்து நிமிடம். இங்கே புத்தகக் கடைகளில் தேடிப் பார்த்தேன். அட்டையில் குண்டுக் குழந்தை சிரிக்கும் கர்ப்பகாலப் புத்தகங்களும் பரிகாரத் தலங்களின் விவரமும்தான் கிடைத்தன. "டொக்டர் சொல்வதைச் செய்தால் போதாதா?" என்கிறார் கணவர். மாமியும் எங்களோடு இருப்பதால் எதை வாங்கினாலும் ஒளித்துத்தான் வாசிக்க வேண்டும். உங்கள் சிகிச்சையைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். நான் எதை வாசிக்கட்டும்?

பெயர் வேண்டாம்,
வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று மாதம் கையில் இருப்பது நல்லது. முட்டைகளை வளர்க்கும் ஊசி தொடங்கிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் ஸ்கானும் இரத்தப் பரிசோதனையுமாக ஓடிவிடும், வாசிக்க மனம் வராது.

முதலில் வாசிக்க வேண்டியது புத்தகமே இல்லை, உங்கள் கிளினிக்கில் தரும் மருந்துத் தாள். எனக்குத் தந்தது ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. நான் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, "இதைக் குளிரில் வைக்க வேண்டுமாம்" என்று அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அந்த ஊசிப் பேனாவைப் பிரிட்ஜின் மேல் பெட்டியில், பாரை மீனுக்குப் பக்கத்தில் உறைய வைத்துவிட்டார். அந்த மருந்து உறையக் கூடாது, உறைந்தால் வீசத்தான் வேண்டும். என் சம்பளத்தில் பாதி போயிற்று. பிழை அம்மாவுடையது இல்லை. ஆகவே அந்தத் தாளை இப்போதே கேட்டு வாங்குங்கள். விளங்காததையெல்லாம் ஒரு கொப்பியில் கேள்வியாக எழுதிக்கொண்டு போனால் அந்தப் பத்து நிமிடம் ஓரளவு போதும்.

புத்தகங்களில், ரெபெக்கா ஃபெட்டின் 'இட் ஸ்டார்ட்ஸ் வித் த எக்' 2014இல் வந்தது. முட்டையின் கடைசிக்கட்ட வளர்ச்சி நடப்பது அது வெளிவருவதற்கு முந்தைய மூன்று மாதமளவில்தான். அந்தக் காலத்தில் என்ன செய்யலாம் என்பதே புத்தகம். உங்களிடம் இருப்பதும் அதே மூன்று மாதம். ஆனால் எழுதியவர் மருத்துவர் அல்லர். இதை வாசித்துவிட்டுக் குசினியில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களையெல்லாம் தூக்கி வீசிய சிநேகிதி ஒருத்தி எனக்கு உண்டு. மாமி இருக்கும் வீட்டில் அது சரிவராது. அதில் சொல்லும் மாத்திரைகளை டொக்டரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். பொதுவாக எல்லாருக்கும் சொல்வது நாளைக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அசிட்; உங்களுக்கு அதை ஏற்கனவே எழுதித் தந்திருப்பார்கள்.

அப்புறம் காசு விஷயம். "இதையும் சேர்த்துச் செய்தால் நல்லது" என்று மேலதிகமாக ஏதாவது சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள். பிரிட்டனில் 1991 முதல் இந்தச் சிகிச்சைகளைக் கண்காணிக்கும் எச்.எஃப்.இ.ஏ. என்ற அமைப்பு, அப்படியான பல சேர்க்கைகளுக்கு ஆதாரம் எவ்வளவு என்று நிறக் குறியிட்டு இலவசமாக வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அனுபவக் கதைகளில்தான் கவனம் வேண்டும். சிகிச்சைக் காலத்தில் ஆறேழு வாசித்தேன். எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு குழந்தை அழுதது. பிள்ளை கிடைத்தவர்கள்தான் பெரும்பாலும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மூன்றாம் தடவையும் இல்லை என்று ரிசல்ட் வந்த இரவு, அந்தப் பெண்கள் எல்லாரும் எதையோ சரியாகச் செய்து, நான் மட்டும் பிழைவிட்டது போல இருந்தது.

ஜூலியா லீ என்ற அவுஸ்திரேலிய எழுத்தாளரின் 'அவலாஞ்ச்' 2016இல் வந்தது. சின்னப் புத்தகம். பல சுற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் பிள்ளை இல்லை, அவர் நிறுத்திக்கொள்கிறார். எங்கள் கதை முடிந்து சில வருடம் கழித்துத்தான் அது என் கைக்கு வந்தது. இதைச் சிகிச்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுப்பது கொடுமை என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனை தடவை, எவ்வளவு பணம், எப்போது போதும் என்று சொல்வது? நீங்கள் இருவரும் இதைப் பேச நல்ல நேரம் இப்போதுதான், ரிசல்ட் வந்த இரவு இல்லை. பேசியதைப் பிறகு மாற்றிக்கொண்டாலும் பரவாயில்லை.

தமிழில் என்றால், பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வாசியுங்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அருமையான நாவல். பிள்ளையில்லாத காளியையும் பொன்னாவையும் ஊரும் உறவும் என்ன பாடு படுத்துகின்றன என்பது கதை. கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு "என்ன, புதினம் ஒன்றும் இல்லையோ?" என்று கேட்கப்படும் உங்களுக்கு அது இப்போது வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம். குறளின் மக்கட்பேறு அதிகாரத்தையும் புறநானூற்றின் 188ஆம் பாட்டையும் அதோடு சேர்த்து மேல் தட்டில் வைத்துவிடுங்கள். பிள்ளை இல்லாதவர் வாழும் நாளுக்குப் பயனில்லை என்று பாடிய அந்தப் பாண்டியனோடு எனக்கு இன்னும் கோபம்.

உங்கள் கணவருக்கு ஒரு விஷயம் போதும். விந்தணு உருவாக இரண்டரை மாதமளவில் எடுக்கும். அவர் சிகரெட் பிடிப்பவர் என்றால், இன்றைக்கு விட்டால்தான் சிகிச்சை நேரத்துக்கு உதவும். டொக்டர் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லாமல் விட்டதில் இதுவும் இருக்கலாம். கதை பிடிக்குமென்றால் 'எ மேட்டர் ஒஃப் லைஃப்' தேடிக் கொடுங்கள். 1978 ஜூலை 25ஆம் திகதி பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் கதையை, அதற்குப் பாடுபட்ட எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் 1980இல் எழுதியது. மருந்துத் தாளைத் தொடாத என் கணவர் இதை இரண்டு தடவை வாசித்தார். அதன் பிறகு எனக்கு ஊசி போட்டுவிட்டது அவர்தான், முதல் நாள் கை நடுங்கினாலும்.

'அவலாஞ்ச்' கடைகளில் கிடைக்காவிட்டால் எழுதுங்கள். தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வரும்போது என் பிரதியைக் கொண்டுவருகிறேன். ஏற்கனவே பிறவுண் பேப்பர் உறை போட்டதுதான். எனக்கும் ஒரு மாமி இருந்தார்.