கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை: வாசகர் கேள்வி பதில்

பாம்பன் வாசகர்: பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன், வயது 19. "கோயில்ல வாசிக்கிறவன் கோயிலோட நிற்க வேண்டியதுதான்" என்று எங்கள் பாடகர் குழு அண்ணன் கிண்டல் செய்கிறார். போன இதழில் பில்லி பிரஸ்டன் என்ற பெயரைப் போகிற போக்கில் சொன்னீர்கள். யார் அவர்?

பதில்: தம்பி, உங்கள் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதிலே அவர்தான். 1946-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிறந்து லாஸ் ஏஞ்சலீஸில் வளர்ந்தவர். அம்மா கோயிலில் வாசிப்பவர். அவர் மடியில் உட்கார்ந்தே பிள்ளை கட்டையைத் தொட்டுவிட்டது. வாத்தியார் என்று யாரும் கிடையாது. கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களில் பெரும்புகழ் பெற்ற மஹேலியா ஜாக்சனுக்கு ஆர்கன் வாசித்தபோது பையனுக்குப் பத்து வயது. 1962-ல் ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் குழுவோடு ஐரோப்பா போனார். அங்கேதான், இன்னும் உலகப் பேர் எடுக்காத இங்கிலாந்துப் பாட்டுக்குழு பீட்டில்ஸ் பையன்களோடு சிநேகம்.

அப்புறம் 1969 ஜனவரி. லண்டனில் பீட்டில்ஸ் நாலு பேரும் ஒருவருக்கொருவர் முகங்கொடுக்காத நேரம். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்திருந்தார். ஊருக்கு வந்திருந்த பில்லியை ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்ததும் அவர்தான். விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது வீட்டுச் சண்டை போட முடியுமா? வேலை நடந்தது. ‘கெட் பேக்’ பாட்டின் நடுவே வரும் எலெக்ட்ரிக் பியானோ இவர் கைதான். ஜனவரி 30-ல் நடந்த அந்தப் பிரபலமான மொட்டைமாடிக் கச்சேரியிலும் கூடவே இருந்தார். இசைத்தட்டு வெளிவந்தபோது பீட்டில்ஸ் பெயரோடு பில்லி பெயரையும் சேர்த்துப் போட்டார்கள்.

அந்தப் பாட்டைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பாடகர் வாய் திறந்திருக்கும்வரை வலது கை அடங்கியே இருக்கும். வரி முடிந்து மூச்செடுக்கிற இடத்தில் ரெண்டு மூணு சுரம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இது கோயிலில் படிந்த பழக்கம். கறுப்பின மக்களின் சபைகளில் போதகர் நிறுத்துகிற இடத்தில் ஆர்கன் பதில் சொல்லும். அவர் மறுபடி தொடங்கினால் கீழே இறங்கிவிடும். நம் பிள்ளைகளோ பத்து விரலையும் வைத்துப் பாடுகிறவர் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். திருவிழாப் பூசையில் இவர்கள் வாசிப்பதைக் கேட்டால் தங்கச்சிமடம் கோயிலில் இருக்கும் புனிதர் சந்தியாகப்பரே காதைப் பொத்திக்கொள்வார்.

கீழக்கரை வாசகர்: அவருடைய ‘அவுட்டா ஸ்பேஸ்’ பாட்டில் வரும் சத்தம் என் கேசியோவில் வருமா?

பதில்: அது கேசியோதானா என்று முதலில் பாருங்கள், நம் பக்கம் எந்தக் கம்பெனி கீபோர்டுக்கும் கேசியோ என்றுதானே பேர். டோன் பட்டியலில் ‘கிளாவ்’ என்று ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிளாவினெட் என்பது ஜெர்மனியின் ஹோனர் கம்பெனி செய்த 60 கட்டைக் கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கம்பி. கட்டையை அமுக்கினால் ரப்பர் முனை ஒன்று கம்பியை அடித்து அழுத்தும். எலெக்ட்ரிக் கிடாரில் உள்ளதுபோல ஒரு பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தம், சத்தத்தை எடுத்துக் கொடுக்கும். பில்லி அதை, கிடார்காரர்கள் காலில் மிதித்துச் சத்தத்தை ‘வா வா’ என்று பேச வைக்கிற வா-வா பெடல் வழியாக விட்டார். தட்டின் பின்பக்கத்தில் போட்ட பாட்டு அது. ரேடியோக்காரர்கள் திருப்பிப் போட்டு ஓட்டினார்கள். 1972-ல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது, கிராமி விருதும் வாங்கியது.

வாசிக்கும்போது எதிரொலி கொடுக்கும் ரிவெர்பை நிறுத்துங்கள், விரலை எடுத்த பிறகும் சத்தத்தை இழுத்துவைக்கும் சஸ்டெய்ன் பெடலைக் கழற்றிவிடுங்கள். இடது கையும் வலது கையும் மாறி மாறி, அரை மாத்திரையையும் பாதியாக்கி, குட்டிக் குட்டியாக வெட்ட வேண்டும். அமுக்குவதைவிட விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. விரல் எழுந்த கணமே சத்தம் செத்துவிட வேண்டும்.

மண்டபம் வாசகி: மகனின் கீபோர்டில் நடுவே நாலு கட்டை பேசவில்லை. கடையில் "போர்டு போச்சு" என்கிறார்கள்.

பதில்: அம்மா, அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை இருக்கும். அதிலுள்ள கறுப்புப் பொட்டு, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் பட்டால்தான் சத்தம். நடுவே உப்பும் தூசியும் படிந்தால் கட்டை ஊமை. கழற்றத் தெரிந்த ஒருவரை விட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேசிவிடும், பேசாவிட்டால் போர்டைப் பற்றி யோசிக்கலாம். வாடைக்காற்று மாதங்களில் கடல் பக்கத்து ஜன்னலடியில் வைக்கவே கூடாது. ஈரத்தோடு உறையில் போட்டுப் பூட்டுவது அதைவிட மோசம்.

தொண்டி வாசகர்: பில்லி பிரஸ்டன் இவ்வளவு பெரிய ஆள் என்றால் ஏன் நமக்குப் பெயரே தெரியவில்லை?

பதில்: பக்கவாத்தியக்காரர் பெயரை எந்தக் கச்சேரியில் கேட்டு வைத்தோம்? இத்தனைக்கும் 1973-லும் 1974-லும் தன் குரலிலேயே பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். ஜோ காக்கர் பாடி உலகமெல்லாம் கல்யாண வீட்டில் ஒலிக்கிற ‘யூ ஆர் ஸோ பியூட்டிஃபுல்’ இவரும் சேர்ந்து எழுதியது. 1971 ஆகஸ்ட் 1-ல் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடந்த கச்சேரியில் தன் பாட்டின் முடிவில் ஆர்கனை விட்டு எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். (அதே மேடையில்தான் ரவிசங்கர் சிதாருக்குச் சுருதி சேர்த்ததையே கச்சேரி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.) பின்னால் போதை, வழக்கு, சிறை என்று போனார். சிறுநீரகம் கெட்டு, மாற்று அறுவை செய்தும் தேறவில்லை. 2006 ஜூனில் இறந்தபோது 59 வயது. ராக் இசைக்காரர்களின் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2021-ல். பதினைந்து வருடம் கழித்து!

ராமேஸ்வரம் வாசகர்: கீபோர்டு வாசிப்பவனுக்குப் பெண் கொடுப்பார்களா?

பதில்: எனக்குக் கொடுத்தார்கள். ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதும் வேலையும் இருந்தது. மாமனார் அதை மட்டும்தான் விசாரித்தார்.